திரும்பி வந்த நோயும் மறைக்கப்பட்ட சொல்லும்

ஒரு சொல்லை மொழிபெயர்க்காமல் விடுவது எவ்வளவு பெரிய குற்றம்? சில வருடங்களாக இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. மௌலவிமாரிடம் கேட்டிருக்கிறேன். வைத்தியர் ஒருவரிடமும் கேட்டிருக்கிறேன். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். எழுதிப் பார்த்தால் கொஞ்சமாவது தெளியுமோ என்ற எண்ணத்தில் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கிளிவெட்டியில் படிப்பிக்கும் ஓர் ஆசிரியன். ஆசிரிய கலாசாலையை விட்டு வெளியேறியதும் கிடைத்த முதல் நியமனம் கந்தளாய்ப் பக்கம். அங்கிருந்த மூன்று வருடங்களில் கடைத்தெருச் சிங்களம் வாய்க்கு வந்தது. அந்தச் சிங்களம்தான் பிற்காலத்தில் என்னை ஊருக்குத் தேவைப்பட்டவனாக ஆக்கியது. பொலிஸ், கச்சேரி, கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரி என்று யார் போவதென்றாலும் "சேரையும் கூட்டிப் போங்க" என்பார்கள். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் எழுதி வைத்தது. கிளினிக் அறையின் கதவுக்குப் பின்னால் அந்த எழுத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு இன்னமும் என்னைப் போன்ற அரைகுறைகளே தேவைப்படுகிறார்கள்.

அப்படித்தான் மாமாவோடும் போனேன். உம்மாவின் மூத்த சகோதரர். வீடு தோப்பூரில், வயல் கிளிவெட்டிப் பக்கம். அவருக்கு மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கியபோது நாங்கள் எல்லோரும் மூலம் என்றே நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்தார். களிம்பு, கசாயம், காரம் குறைத்த கறி என்று ஒரு வருடம் போயிற்று. கடைசியில் திருகோணமலையில் ஒரு வைத்தியர் கையுறை போட்டு விரலால் பரிசோதித்தார். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்த ஒரு நிமிடப் பரிசோதனையை வெட்கத்தால் ஒரு வருடம் தள்ளிப்போட்டிருக்கிறோம். மலக்குடல் புற்றுநோய் என்று பெயர் வந்தது.

முதற் சிகிச்சை ஒழுங்காகவே நடந்தது. ஐந்து வாரம் கரண்ட் பிடித்தார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு எங்கள் சனங்கள் சொல்லும் பெயர் அது. அதோடு குளிசையும் கொடுத்தார்கள். இரண்டு மாதம் பொறுத்துச் சத்திரசிகிச்சை செய்தார்கள். கட்டி மிகக் கீழே இருந்தபடியால் ஆசனவாயையும் சேர்த்து எடுத்துவிட்டு, வயிற்றின் இடப்பக்கம் குடலுக்கு வழி வைத்துப் பை பொருத்தினார்கள். அது நிரந்தரம்.

அந்தப் பையைப் பற்றி மாமா முதலில் கேட்டது வலியை அல்ல, தொழுகையை. எப்போது கழியும் என்று கட்டுப்படுத்த முடியாத ஒருவரின் வுழூ எப்படி நிற்கும்? ஷாஃபி மத்ஹபில் இதற்கு வழி இருக்கிறது. தொடர்ந்து சிறுநீர் கசிபவருக்கு உள்ள சட்டம்தான் இவருக்கும். பர்ளான தொழுகையின் நேரம் வந்த பிறகு சுத்தம் செய்து, வுழூ எடுத்து, தாமதியாமல் தொழுதுகொள்ள வேண்டும். அடுத்த பர்ளுக்கு மறுபடி வுழூ. மௌலவி இதை விளக்கியதும் மாமாவின் முகத்தில் வந்த நிம்மதி, சத்திரசிகிச்சை வெற்றி என்று சொன்னபோது கூட வரவில்லை. அந்த மனிதருக்கு எது முக்கியம் என்பதை அன்றே நான் விளங்கியிருக்க வேண்டும்.

இரண்டு வருடம் நன்றாக இருந்தார். வரம்பில் நடந்தார். 2018 ஒக்டோபரில், உட்காரும்போது அடியில் வலி என்றார். இரத்தப் பரிசோதனையில் ஓர் எண் ஏறியிருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு நிபுணர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஆயெத் ஆவில்லா." மீண்டும் வந்திருக்கிறது.

*

இந்த நோய் ஏன் திரும்பி வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரியாமல் எனது தவறின் அளவு விளங்காது.

மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசி ஐந்தாறு அங்குலம். அது இருப்பது இடுப்பெலும்புக் கூட்டுக்குள், ஒரு குறுகிய இடத்தில். முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் முதுகெலும்பின் அடி, பக்கங்களில் காலுக்குப் போகும் நரம்புகள். வெட்டும் கைக்கு அங்கே இடம் போதாது. இலண்டனில் ஏர்னஸ்ட் மைல்ஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், தான் கீழ்வழியாக வெட்டி எடுத்த 57 பேரில் 54 பேருக்கு நோய் திரும்பி வந்ததைக் கணக்கெடுத்தார். தன் தோல்வியை எண்ணிப் பார்க்க அவர் அஞ்சவில்லை. அந்த எண்ணிக்கையிலிருந்து பிறந்ததுதான் 1908இல் அவர் வெளியிட்ட பெரிய சத்திரசிகிச்சை. வயிற்று வழியாகவும் கீழ்வழியாகவும் சேர்ந்து வெட்டி, வயிற்றில் நிரந்தர வழி வைக்கும் முறை. மாமாவுக்குச் செய்தது அதன் வாரிசு. 1982இல் இங்கிலாந்தின் பில் ஹீல்ட், மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்புறையைக் கிழியாமல் முழுதாக எடுக்க வேண்டும், அதில் மிஞ்சுவதே திரும்பி வருவதற்கு வித்து என்று காட்டினார். 1997இல் சுவீடனில் வெளியான ஆய்வொன்று, சத்திரசிகிச்சைக்கு முன் ஒரு வாரம் கதிர்வீச்சுக் கொடுத்தால் ஐந்து வருடத்தில் அதே இடத்தில் திரும்பி வருவது நூற்றுக்கு 27இலிருந்து 11ஆகக் குறைகிறது என்றது. இன்று நல்ல கைகளில் அது பத்துக்கும் கீழே. ஆனாலும் பூச்சியம் ஆகவில்லை. அந்த மிச்சத்துக்குள் மாமா விழுந்தார்.

திரும்பி வந்த நோய்க்கு மருத்துவம் கைவிரித்துவிடுவதில்லை. இதையும் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் பார்ப்பது, இடுப்புக்குள் மட்டும்தானா, அல்லது ஈரல், நுரையீரல் என்று வேறிடங்களிலும் உண்டா என்பதை. ஒரே இடத்தில் இருந்து முழுவதையும் சுத்தமாக வெட்டி எடுக்க முடிந்தால், பெரிய நிலையங்களின் அனுபவத்தில் பத்துப் பேரில் நான்கைந்து பேர் ஐந்து வருடம் கடக்கிறார்கள். ஈரலில் இருப்பதையும் சிலருக்கு வெட்டி எடுக்கலாம். ஏற்கெனவே கதிர்வீச்சுப் பெற்ற இடத்துக்கும் சிலருக்கு மட்டுப்பட்ட அளவில் மறுபடி கொடுக்கலாம். கீமோ ஊசிகள் வளர்ச்சியைப் பிடித்து வைத்து மாதங்களையும், சிலருக்கு வருடங்களையும் தரும். நோயின் உயிரணுவில் ஒரு குறிப்பிட்ட பழுது இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை ஒன்றும் உண்டு. அந்தப் பழுது இருக்கும் ஒரு சிறு பகுதியினருக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியையே தட்டியெழுப்பும் புதிய மருந்துகள் வேலை செய்கின்றன. 2022இல் நியூயோர்க்கில் அத்தகைய மருந்தொன்றைப் பெற்ற முதல் 12 பேருக்கும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் போனது. அவர்கள் வேறு சிகிச்சை எதுவும் பெறாதிருந்தவர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் இவற்றுக்கு விலை இருக்கிறது. திரும்பி வந்ததை வெட்டுவதென்றால் பெரும்பாலும் பக்கத்து உறுப்புகளையும் சேர்த்தே வெட்ட நேரும். இந்த வழியைத் தொடங்கி வைத்தவர் நியூயோர்க்கின் அலெக்சாண்டர் புறூன்ஸ்விக். 1948இல் அவர் வெளியிட்ட முதல் 22 பேரில் 5 பேர் அந்தச் சத்திரசிகிச்சையாலேயே இறந்தார்கள். இன்று அந்த ஆபத்து மிகவும் குறைந்துவிட்டது. இருந்தும் மலத்துக்கு ஒரு பை, சிறுநீருக்கு இன்னொரு பை, எழுந்து நடக்க மாதக் கணக்கு என்பது மாறவில்லை.

அன்று அந்த நிபுணர் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். மூன்று வழிகள் உண்டு என்றார். ஒன்று, இன்னும் பரிசோதனைகள் செய்து, முடியுமென்றால் பெரிய சத்திரசிகிச்சை. சிறுநீர்ப்பையும் போகலாம். இரண்டு, ஊசி மருந்து. குணமாகாது, நாள் கூடலாம். மூன்று, வலியை மட்டும் அடக்கிக்கொண்டு வீட்டில் இருப்பது. "நோயாளி என்ன விரும்புகிறார் என்று கேளுங்கள்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு மாமாவின் பக்கம் திரும்பினார்.

மாமா என்னைப் பார்த்தார். "என்னவாம் மருமகன்?"

முதல்நாள் இரவே கட்டாரிலிருந்து அவருடைய மகன் எனக்குப் பேசியிருந்தான். "அப்பிடி ஏதும் எண்டா வாப்பாக்குச் செல்லிராதீங்க மச்சான். அவர் தாங்க மாட்டார்." அந்தக் குரல் காதில் இருந்தது. நான் சொன்னேன்: "பழைய புண் உள்ளுக்க கொஞ்சம் பழுத்திரிக்காம் மாமா. ஊசி போட்டாச் சரியாம்." வைத்தியரிடம் திரும்பி, "ஊசி போடவே விரும்புகிறார்" என்றேன்.

இரண்டு பக்கமும் பொய். மூன்று வழிகளில் ஒன்றை, அவர் உடலுக்காக, அவர் பெயரில், நான் தெரிவு செய்தேன். அதற்கு எனக்கு எடுத்தது ஒரு நிமிடம்.

*

நம்மூரில் இது குற்றமாகக் கருதப்படுவதில்லை. அன்பாகக் கருதப்படுகிறது. "நோயாளிக்குச் சொல்லாதீங்க" என்பது ஆஸ்பத்திரி வாட்டுகளில் தினமும் கேட்கும் வார்த்தை. வெளிநாட்டுக்காரன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவான், நாங்கள் குடும்பமாக வாழ்கிறவர்கள், எங்கள் பண்பாடு வேறு என்று படித்தவர்களும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். பிறகுதான் ஒரு தகவல் கண்ணில் பட்டது. 1961இல் அமெரிக்க வைத்தியர்களிடம் கேட்டபோது நூற்றுக்குத் தொண்ணூறு பேர் புற்றுநோய் என்பதை நோயாளிக்குச் சொல்வதில்லை என்றார்கள். 1979இல் அதே கேள்விக்கு 97 பேர் சொல்வோம் என்றார்கள். பதினெட்டு வருடத்தில் தலைகீழ். ஆகவே இது கிழக்கு மேற்குப் பிரச்சினை இல்லை. மறைப்பது எல்லா மனிதருக்கும் முதலில் வருகிற குணம். அதிலிருந்து சிலர் வெளியே வந்தார்கள், அவ்வளவுதான்.

மறைப்பவர்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டுப் பேசக்கூடாது. உண்மை சிலரை உடைக்கத்தான் செய்யும். நோயாளியைச் சந்திக்கப் போகிறவன் நம்பிக்கையான வார்த்தை பேச வேண்டும் என்பது நம் மரபு. சிலர் தெரிந்துகொள்ளவே விரும்புவதில்லை, அவர்கள் காதில் திணிப்பதும் அநியாயம். முதற் தடவை நோய் வந்தபோது மகன்மார் கொஞ்சம் மறைத்தார்கள் என்றால் அதனால் பாதை மாறிவிடவில்லை. அங்கே பாதை ஒன்றுதான் இருந்தது. கரண்ட், குளிசை, வெட்டு. குணமாவதற்கு நல்ல வாய்ப்பும் இருந்தது. தெரிந்திருந்தாலும் மாமா அதே வழியில்தான் போயிருப்பார்.

நோய் திரும்பி வரும்போது நிலைமை வேறு. வழி மூன்றாகப் பிரிகிறது. ஒவ்வொன்றும் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை எடுக்கிறது. ஆறு மாதம் கூட வாழ்வதற்காக நாலு மாதம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கலாமா? இரண்டாவது பை வந்தாலும் பரவாயில்லை, பேரப்பிள்ளையின் கலியாணம் வரை இருந்தால் போதுமா? அல்லது வலி இல்லாமல், தன் வீட்டுத் திண்ணையில், கொஞ்ச நாள் போதுமா? இவற்றில் எது சரி என்று ஸ்கேன் சொல்லாது. நிபுணருக்கும் தெரியாது. ஒவ்வொரு வழியின் விலையை அவர் சொல்லலாம். பெறுமதியைச் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர். அவரிடமிருந்துதான் நாம் மறைக்கிறோம்.

இந்நாட்டு மக்கள் இந்த நோயின் உண்மையை அறிவதற்காக எவ்வளவோ கொடுத்திருக்கிறார்கள். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி திரட்டித் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலைக்கு உதவினார்கள். 2016இல் மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு ஒரு பெட் ஸ்கேன் இயந்திரம் வேண்டுமென்று கதீஜா பவுண்டேஷன் கேட்டபோது மூன்று இனத்தவரும் காசு போட்டார்கள். அந்த இயந்திரத்தின் வேலை, நோய் உடலில் எங்கெங்கே இருக்கிறது என்ற உண்மையைக் காட்டுவது. அவ்வளவு பாடுபட்டு வெளிக்கொண்டு வரும் உண்மையை, கிளினிக் அறையில் இரண்டடி தூரத்தில் நான் தடுத்து வைத்தேன்.

*

வைத்தியம் செய்யாமல் விடுவது அல்லாஹ்வின் மீது நம்பிக்கை இழப்பதா? செய்வது தவக்குலுக்கு மாறானதா? இரண்டு பக்கத்திலிருந்தும் நம் மக்களிடம் இந்தப் பயம் இருக்கிறது. எல்லாச் சிகிச்சையையும் செய்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் நாளை கேள்வி வரும் என்று மகன்மார் நினைக்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் தவக்குல் பற்றிய பகுதியில் இதைத் தெளிவாகப் பிரிக்கிறார். சில காரணிகள் உறுதியானவை, பசிக்கு ரொட்டியும் தாகத்துக்குத் தண்ணீரும் போல. அவற்றை விட்டுவிட்டுச் சாவது ஹராம். சில காரணிகள் பலன் தரக்கூடும் என்ற எண்ணத்துக்கு உரியவை, மருத்துவம் பெரும்பாலும் இந்த வகை. அதைச் செய்வது தவக்குலுக்கு மாறில்லை, விடுவதும் ஹராமில்லை. மூன்றாவது, வெறும் ஊகம். நமது மத்ஹபில் வைத்தியம் செய்வது பொதுவில் சுன்னத்தான காரியம், பர்ளு அல்ல. தொள்ளாயிரம் வருடங்களுக்கு முந்திய இந்தப் பிரிப்பு இன்றைய கிளினிக்குக்கு அப்படியே பொருந்துகிறது. முதற் சிகிச்சையில் உறுதிக்குப் பக்கத்தில் இருந்த மருந்து, நோய் திரும்பி வரும்போது ஒருவருக்கு நடு வகையிலும் இன்னொருவருக்கு ஊகத்திலும் போய் நிற்கலாம். எந்த வகை என்று அறிய நோயாளிக்கு உண்மை தெரிய வேண்டும்.

புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஒரு பெண்மணியை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. வலிப்பு நோயுள்ள கறுப்பினப் பெண். நபியவர்களிடம் வந்து, வலிப்பு வரும்போது தன் ஆடை விலகிவிடுகிறது, துஆச் செய்யுங்கள் என்று கேட்டார். நபியவர்கள் அவர் முன் இரண்டு வழிகளை வைத்தார்கள். விரும்பினால் பொறுத்துக்கொள்ளலாம், சுவர்க்கம் உண்டு. விரும்பினால் குணமாகத் துஆச் செய்கிறேன். அந்தப் பெண் பொறுமையைத் தெரிவு செய்தார். அதோடு நிற்கவில்லை. ஆடை விலகாமல் இருக்க மட்டும் துஆச் செய்யுங்கள் என்றார். அவ்வாறே துஆச் செய்யப்பட்டது. நோய் தீர்வதைவிட மானம் காக்கப்படுவது அவருக்குப் பெரிதாக இருந்தது. அதை அவர் வாயால் கேட்காமல் யார் ஊகித்திருக்க முடியும்? அவருக்காக வேறொருவர் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னொரு சம்பவமும் புகாரியில் உண்டு. நபியவர்களின் கடைசி நோயின்போது வீட்டார் அவர்கள் வாயின் ஓரத்தில் மருந்தை ஊற்றினார்கள். வேண்டாமென்று சைகை செய்தும், நோயாளி மருந்தை வெறுப்பது வழக்கம்தானே என்று நினைத்து ஊற்றிவிட்டார்கள். தெளிந்ததும் நபியவர்கள் அதைக் கண்டித்தார்கள். அங்கே இருந்த எல்லோருக்கும் அதே மருந்தை ஊற்றும்படி சொன்னார்கள், அங்கு இருக்காத அப்பாஸ் அவர்களைத் தவிர. ஊற்றியவர்கள் அன்பினால்தான் ஊற்றினார்கள் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அன்பு அங்கே காரணமாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

பொய்க்கு இடங்கொடுக்கும் ஹதீஸில் சொல்லப்படுபவை யுத்தம், பிணக்குத் தீர்த்தல், கணவன் மனைவி பேச்சு. நோயாளியின் கட்டிலை அந்தப் பட்டியலில் நான் காணவில்லை.

*

இப்போது எனக்குச் சொல்லக் கடினமான பகுதி.

மாமாவுக்குக் கிளிவெட்டியில் ஒரு கூட்டாளி இருந்தார். தமிழர். வயலுக்கு வயல் வரம்பு. 1990இல் ஊர் கலைந்தபோது அவர் தன் மாடுகளில் பதினொன்றை மாமாவிடம் விட்டுவிட்டு ஓடினார். திரும்பி வந்தபோது ஏழுதான் இருந்தன. நாலை மாமா விற்றுவிட்டார். அந்த நாட்களில் வீட்டில் இருபது பேர் அகதியாக இருந்தார்கள், அவர்களுக்குச் சோறு போட வேண்டியிருந்தது. கூட்டாளி கேட்கவில்லை. மாமா சொல்லவுமில்லை. "காட்டுல தவறிட்டு" என்று யாரோ சொன்ன கதை அப்படியே நின்றுவிட்டது. அதன் பிறகும் இருவரும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சினார்கள், ஒரே சட்டியில் மீன் சுட்டுத் தின்றார்கள். 2006இல் மாவிலாறு மூடப்பட்டு மறுபடி எல்லோரும் இடம்பெயர்ந்தபோதும் ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டார்கள். நாலு மாட்டுக் கதை மட்டும் பேசப்படவில்லை.

ஊசி போடத் தொடங்கினோம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினார்கள் மாமாவும் மாமியும். நான் லீவு கிடைக்கும்போதெல்லாம் இரவு பஸ்ஸில் போய் வந்தேன். பெரும்போக விதைப்பு வந்து போயிற்று. நாற்பது வருடத்தில் முதற் தடவையாக அவர் அதில் இல்லை. கைவிரல் மரத்து, வாய் புண்ணாகி, "சுகமாகுது மருமகன், ஊசி வேலை செய்யிது" என்பார். நான் தலையாட்டுவேன்.

டிசம்பரில் ஒரு மாலை, கிளிவெட்டிக் கூட்டாளி மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. நான் அப்போது அந்த அறையில் இருந்தேன். மாமா நெடுநேரம் பேசவில்லை. இஷாத் தொழுதுவிட்டுப் பாயிலேயே இருந்தார். பிறகு கேட்டார்.

"மருமகன், அண்டைக்கு டொக்டர் 'ஆயெத்' எண்டாரே. கந்தளாய்ச் சந்தையில நெல்லு குடுத்துட்டு வரக்குள்ள 'ஆயெத் என்ன' எண்டு செல்லுவானுகள். திரும்ப வாங்க எண்டு. எனக்கு அந்த ஒரு சொல் தெரியும். என்னத்துல 'ஆயெத்'? எது திரும்ப வந்திரிக்கி?"

பத்து வாரமாக அந்த ஒரு சொல்லை அவர் கையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். நானாகச் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வழிகளையும் சொன்னேன். மகன் சொன்னதையும் சொன்னேன், பழியை அவன் மேல் போடுவதற்காக அல்ல என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் கொஞ்சம் அதற்காகவும்தான்.

அவர் உடையவில்லை. அழவில்லை. "அவன் மௌத்தாப் போக முந்தி தெரிஞ்சிருந்தா அந்த நாலு மாட்டுக் கணக்க அவன்ட கையில முடிச்சிருப்பன்" என்றார். சற்று நேரம் கழித்து, "நான் இன்னும் இரிப்பன் எண்டு நினைச்சிட்டன் மருமகன். நேரம் இரிக்கி எண்டு நினைச்சிட்டன்" என்றார். அதற்குமேல் என்னைக் குறை கூறவில்லை. கூறியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அடுத்த கிளினிக்கில் நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். மாமா கேட்ட கேள்விகள் எனக்கு வியப்பாக இருந்தன. ஊசியை நிறுத்தினால் எத்தனை நாளில் வலி கூடும்? பெரிய வெட்டு வெட்டினால் தரையில் இருந்து தொழ ஏலுமா? அறுவடை வரைக்கும் நடக்க வைக்க முடியுமா? ஒன்றிலும் "எப்ப மௌத்தாவேன்" என்ற கேள்வி இல்லை. பெரிய சத்திரசிகிச்சை வேண்டாமென்றார். வலிக்காக மட்டும் கொஞ்சம் கரண்ட் பிடிக்கச் சம்மதித்தார். ஊசியை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை. அறுவடை வரை இடைவெளி கேட்டார், பிறகு தொடர்ந்து போடுவோம் என்றார். உண்மை தெரிந்தால் நோயாளி சிகிச்சையை விட்டுவிடுவார் என்ற எங்கள் பயமும் பொய்யாயிற்று. அவர் விட்டது ஒன்று, எடுத்தது இரண்டு. அந்தத் தெரிவை எங்களில் ஒருவரும் அவருக்காகச் செய்திருக்க மாட்டோம்.

மோர்பின் குடிக்க முதலில் தயங்கினார், போதை என்று. நோவுக்கு வைத்தியர் அளந்து தருவது மருந்து என்று மௌலவி சொன்ன பிறகு குடித்தார். 1993இல் கோழிக்கோட்டில் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் வலிதணிப்புப் பராமரிப்பைத் தொடங்கியபோது அவர்கள் போராடியதும் இந்தப் பயத்தோடுதான். குணப்படுத்த முடியாத இடத்திலும் வைத்தியத்துக்கு வேலை இருக்கிறது என்பதை அந்தக் கேரளத்து ஊர்கள் அயலாரைக் கொண்டே செய்து காட்டின. நமது மஹல்லாக்களும் செய்யலாம். பெரிய செலவில்லை, நேரம்தான் வேண்டும்.

அறுவடை முடிந்து, நாலு மாட்டின் அன்றைய விலையை அல்ல, இன்றைய விலையைக் கணக்குப் பார்த்து, என்னையும் கூட்டிக்கொண்டு கிளிவெட்டிக்குப் போனார். கூட்டாளியின் மனைவி திண்ணையில் இருந்தா. மாமா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அம்மா பணத்தை வாங்கவில்லை. "அவருக்குத் தெரியும் அண்ணை. வித்துத்தான் சோறு போட்டீங்க எண்டு அப்பவே தெரியும்" என்றா. பிறகு மாமாவின் வற்புறுத்தலால் பேத்தியின் படிப்புக்கென்று வாங்கிக்கொண்டா. திரும்பி வரும்போது மாமா, "அவன் வாயால ஒரு தரம் கேட்டிரிக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு தரத்தை அவரிடமிருந்து எடுத்தது நான். அந்த வருடம் ஓகஸ்டில் மாமா தன் வீட்டில் மௌத்தானார்.

*

எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நான் இப்போதும் நினைக்கவில்லை. முதலில் கேட்கலாம். "உங்கட வருத்தத்தப் பத்தி நீங்க எவ்வளவு அறியணும்? ஆரு கேட்டா நல்லம்?" இந்தக் கேள்வியைக் கேட்கக் கட்டணமில்லை. மகன் கேட்கட்டும், எனக்கு வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அதுவும் அவருடைய தெரிவு. குடும்பமாக முடிவெடுப்பது நல்லது. ஆனால் நோயாளியும் அந்தக் குடும்பத்தில் ஒருவர் அல்லவா? வீட்டைப் பற்றி எல்லாம் கூடிப் பேசுகிற நாம், வீட்டுக்காரரின் உடம்பைப் பற்றி மட்டும் அவருக்குத் தெரியாமல் பேசுகிறோம்.

இப்போதும் என்னை மொழிபெயர்க்கக் கூப்பிடுகிறார்கள். பஸ் ஏறுவதற்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன்: "டொக்டர் செல்றத அப்பிடியே செல்லுவன். நோயாளி கேக்கிறதையும் அப்பிடியே கேப்பன். சம்மதமெண்டா வாறன்." சிலர் யோசித்துவிட்டுச் சம்மதிக்கிறார்கள். சிலர் வேறு ஆளைத் தேடுகிறார்கள். போன மாதம் ஒரு தாயை அப்படித்தான் வேறொருவரோடு அனுப்பினார்கள். அந்த அம்மாவுக்கும் திரும்பி வந்த நோய்தான். பஸ்ஸின் ஜன்னலோரம் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தா, "நீங்க வரல்லையா சேர்?" என்று கேட்டா. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன்.